ஏழு மில்லிமீட்டர்

வேனின் பின்கதவைத் திறந்தபோது அவள் மல்லாந்து படுத்திருந்தாள். கால்கள் இரண்டும் ஸ்டெப்னி டயரின் மேல். கீழே பழைய போர்வை, அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீட். உச்சி முதல் பாதம் வரை, புது அலமாரிக்கு வார்னிஷ் அடித்தது போலப் பளபளத்த பழுப்பு. கண்ணின் வெள்ளையும் பல்லும்தான் சொந்த நிறத்தில் மிச்சம்.

"மெதுவா எழுந்திரு. எதையும் தொடாத" என்றான் மேனேஜர்.

மேனேஜர் என்றால் வேறு யாருமில்லை, அவள் கணவன். அவன் வேலை பார்த்த மொபைல் கடைக்கு ஷட்டர் இறங்கிய மறுநாள், தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட உத்தியோகம் அது. விசிட்டிங் கார்டுகூட அடித்திருந்தான். அதில் அவள் படம் தபால்தலை அளவு, 'மேனேஜர்' என்ற சொல் அதைவிடப் பெரிது.

"ராத்திரி எட்டு மணிக்கே படுக்க வெச்சீங்க. காலையில எழுந்து உக்காரலாம்னா அதுவும் கூடாதுன்னீங்க. ஒரு மணி நேரமா டயர்மேல காலைப் போட்டுக்கிட்டு வந்திருக்கேன். வர்ற வழியில நாலு பேர் ஆம்புலன்ஸ்னு நினைச்சு வழி விட்டாங்க."

"கால்ல நீர் இறங்கக் கூடாதும்மா. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் மேடையேறுற வரைக்கும் காலைத் தூக்கி வெச்சுப் படுத்துதான் கிடப்பாங்க. நான் வீடியோ பார்த்திருக்கேன்."

நான் வீடியோ பார்த்திருக்கேன். இந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டாலே அவளுக்குக் கடைவாய்ப் பற்கள் தாமாகவே நெரிபடும். பற்களைப் பற்றி அவளுக்குத் தெரியும். எட்டு வருஷமாக ஒரு பல் டாக்டரின் உதவியாளராக, அடுத்தவர் வாயில் உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. காலை நாலரைக்கு ஜிம், ஒன்பதுக்குக் கிளினிக், மாலை மறுபடி ஜிம். நடுவில் டப்பாவில் உப்பில்லாத கோழி. உடற்கட்டுப் போட்டியில் இது மூன்றாவது வருஷம். மேடை விளக்கில் தசை எடுபடத்தான் இந்தப் பழுப்புப் பூச்சு.

முதல் வருஷம் உயரமானவர்கள் பிரிவில் நின்றாள். அந்த வரிசையில் அவள், பீரோக்களுக்கு நடுவே போட்ட முக்காலி மாதிரி இருந்தாள். ஒன்பதாவது இடம். மறு வருஷம்தான் விவரம் தெரிந்து, நூற்று அறுபத்து மூன்று சென்டிமீட்டர் வரை உள்ள பிரிவுக்கு மாறினாள். அங்கே மூன்றாவது. இந்த வருஷம் முதலிடம் வந்தாக வேண்டும். ஏனென்றால் ஒரு புரோட்டீன் பவுடர் கம்பெனி சொல்லியிருந்தது: பிரிவில் முதலாவதாக வந்தால் ஒரு வருஷ ஒப்பந்தம், ஊர் ஊராகப் பயிற்சி முகாம், முகாமை நடத்துவது அவள். இரண்டாவதாக வந்தால் கைகுலுக்கல், ஒரு டப்பா பவுடர்.

உறிஞ்சு குழாயைக் கீழே வைப்பதற்கு அவள் கண்ணுக்குத் தெரிந்த ஒரே கதவு அது.

அவள் ஒவ்வொரு விரலாக ஊன்றி இறங்கி, தொளதொளத்த நைட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஹால் வாசலுக்கு நடந்தாள். வாசலில் அப்படியே நின்றாள்.

கம்பெனியின் ஸ்டாலுக்கு முன்னால் இன்னொரு அவள் நின்றுகொண்டிருந்தாள். ப்ளைவுட்டில் வெட்டிய ஆளுயர கட்அவுட். கையை மடக்கி, இடுப்பைத் திருப்பி, வெறுங்காலில். முகம் அவளுடையது. தோள் அவளுடையது. கால்கள் யாருடையவை என்றுதான் புரியவில்லை. முழங்காலுக்குக் கீழே அவை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. பாதத்தின் அருகே கொட்டை எழுத்தில்: 'உயரம் 5 அடி 7 அங்குலம். உறுதி அதைவிட உயரம்.'

"இது யாரு?"

"நீதாம்மா. சர்ப்ரைஸ்."

"நான் அஞ்சு நாலு."

"போட்டோவுல லேசா இழுத்தேன். ரொம்ப லேசா. நெட்டையா இருந்தா எடுபடும்னு கம்பெனிக்காரர் சொன்னாரு. அப்புறம் நம்ம பேஜ்லயும் அஞ்சு ஏழுன்னு மாத்திட்டேன். ரெண்டும் ஒத்துப்போகணும்ல?"

தலையில் அடித்துக்கொள்ளக் கை உயர்ந்தது. பாதியில் நின்றது. அடித்தால் நெற்றியில் ஒரு வெள்ளைக் கை பதியும். பழுப்பு பூசிய உடம்போடு மனுஷி நியாயமாகக் கோபப்படக்கூட முடியாது. கையைக் கட்டினால் ஒட்டும், முகத்தைத் துடைத்தால் வரும், அழுதால் கோடு விழும்.

"நான் நிக்கப் போறது குள்ளமானவங்க பிரிவு. வாசல்ல நெட்டையா ஒருத்தியை நிக்க வெச்சிருக்கீங்க."

"அது வேற, இது வேற. இது பிராண்டு."

அப்போது கட்அவுட்டின் பின்னாலிருந்து ஒரு டேப் சர்ரென்று சுருண்ட சத்தம். கழுத்தில் விசில் தொங்க ஒரு மனிதர் வெளியே வந்தார். பத்துப் பதினைந்து போட்டியாளர்களுக்குப் பயிற்சியாளர். விசிலைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை என்பதால் பேரே விசில் மாஸ்டர். போன வருஷம் இதே பிரிவில் இரண்டாவதாக வந்த ரெட்டைப் பின்னல்காரி அவருடைய ஆள்.

"நூத்தி எழுபது" என்றார் விசில் மாஸ்டர், வராந்தா முழுக்கக் கேட்கும்படி. "அஞ்சு ஏழுன்னுதானே போட்டிருக்கு?" போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். கட்அவுட்டைப் பார்த்துச் சிரித்தார், அவளைப் பார்த்தும் சிரித்தார், விறுவிறுவென்று உள்ளே போனார்.

"ஆர்வமாப் பார்க்கிறாரு பாரு" என்றான் மேனேஜர்.

எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் மைக்கில் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். அளவு அறைக்கு உடனே வரவும்.

அளவு அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் பதித்த அளவுகோல், அதில் மேலும் கீழும் நகரும் மரப்பலகை. முப்பது வருஷமாக அந்தப் பலகையால் போட்டியாளர்களின் தலையைத் தட்டுகிறவர் அளவு சார். யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். பார்ப்பதெல்லாம் குதிகால்.

"உங்க உயரத்தைப் பத்தி எழுத்துல ஒரு புகார். உங்க சொந்தப் பேஜ்ல அஞ்சு ஏழு, வாசல்ல அஞ்சு ஏழு, என் நோட்டுல மட்டும் நூத்தி அறுபத்திரண்டு புள்ளி ஆறு. இதுல எது பொய்யி?"

"அதெல்லாம் சும்மா சார், விளம்பரத்துக்கு" என்று மேனேஜர் முந்திக்கொண்டான்.

"அப்ப நீங்களே பொய்னு ஒத்துக்கறீங்க. சரி. நில்லும்மா."

அவள் சுவரோடு நின்றாள். அவளுக்கு இன்னும் பயம் வரவில்லை. நேற்று மாலை இதே சுவர்தான், இதே பலகைதான்.

"குதிகாலை ஒட்டு. முதுகை ஒட்டு. கழுத்தைச் சுருக்காத, பார்த்துட்டேன்."

பலகை இறங்கி உச்சந்தலையில் உட்கார்ந்தது. அளவு சார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நூத்தி அறுபத்து மூணு புள்ளி ஏழு."

அதை நோட்டில் குறித்தார்.

"ஒரே ராத்திரியில ஒரு சென்டிமீட்டருக்கு மேல. தண்ணி ஊத்தி வளர்த்தீங்களா?" என்றார் கதவருகே நின்ற விசில் மாஸ்டர்.

"நீங்க வாயை மூடுங்க மாஸ்டர். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார் அளவு சார். பிறகு அவள் பக்கம், அதாவது அவள் குதிகாலின் பக்கம், திரும்பினார். "நாள் பூரா நின்னா முதுகெலும்பு அமுங்கும். படுத்து எழுந்தா நிமிரும். அதுக்குத்தானே எல்லாரும் வேலைக்குப் போயிட்டுச் சாயங்காலமா வந்து அளவு குடுக்கறீங்க. இன்னிக்கு எப்ப எழுந்தே?"

"எழுந்திரிக்கவே இல்ல சார்" என்றாள் அவள். "இப்பதான். இவர் விடல."

மேனேஜர் போனைப் பார்த்தான். திரை அணைந்திருந்தது. அதையே பார்த்தான்.

"அப்ப ரெட்டைப் பின்னலையும் அளங்க சார். நாங்களும் புகார் எழுதித் தர்றோம்" என்றான் கடைசியில்.

"புகார் எட்டு மணி வரைக்கும்தான். மணி எட்டு அஞ்சு." அளவு சார் நோட்டைத் திருப்பினார். "புகார் குடுத்தவருக்காக ஒரு தரம் அளந்தாச்சு. புகாருக்கு ஆளானவங்க கேட்டா இன்னொரு தரம் அளக்கணும், அதான் முறை. எட்டு அம்பதுக்கு வாங்க. நூத்தி அறுபத்து மூணைத் தாண்டி ஒரு கோடு இருந்தாலும் உயரமானவங்க பிரிவு."

முக்காலியும் பீரோக்களும் அவள் கண்முன் வந்து நின்றன. ஒன்பதாவது இடம் வந்து நின்றது. உறிஞ்சு குழாய் வந்து நின்றது.

நாற்பத்தைந்து நிமிஷம். ஏழு மில்லிமீட்டர்.

வெளியே வந்ததும் மேனேஜர் ஆரம்பித்தான். "ஒண்ணும் கவலைப்படாத. குதி. குதிச்சா அமுங்கும். நான் வீடியோ..."

"இன்னொரு தடவை வீடியோன்னு சொன்னீங்க, இந்தக் கலரோட உங்களைக் கட்டிப் பிடிச்சுருவேன். உங்க வெள்ளைச் சட்டை அவ்வளவுதான்."

அவன் ஓரடி பின்வாங்கினான்.

குதிக்கக் கூடாது. குதித்தால் வேர்க்கும். அசையாமல் நிற்க வேண்டும், தோளில் பாரத்தோடு. ஜிம்மில் கழுத்துக்குப் பின்னால் நூற்றுப் பத்து கிலோ கம்பியை வைத்து உட்கார்ந்து எழுகிறவளுக்கு அது புதிதில்லை. ஆனால் வார்ம்அப் அறையில் இருந்ததெல்லாம் ரப்பர் பட்டைகளும், குழந்தை கிலுகிலுப்பை மாதிரி ஐந்து கிலோ டம்பெல்களும்தான்.

மேடைக்குப் பின்னால் நாற்காலிகளை அடுக்கி வைக்கிற அறை ஒன்று இருந்தது. ஏசி குழாய் நேராக அங்கே வந்து ஊதியது. போட்டியாளர்களுக்குக் கலர் பூசுகிற அக்கா, டப்பா பிரஷ் சகிதம் அங்கேதான் கடை விரித்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கலர் அக்கா ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள்.

"தோள்ல கலர் போச்சுன்னா நான் ஒட்டுப் போட்டுத் தர்றேன் தங்கச்சி. வேர்வை ஓடிச்சுன்னா என்னால ஆகாது. முதுகு முழுக்க வரிக்குதிரை. அப்புறம் என்னைத் தேடாத."

"வேர்க்காது."

"பாரத்துக்கு எங்க போவ?"

அவள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாக. இரும்புக் கடையில் எடைக்கல்லைப் பார்க்கிற பார்வை.

"ஏறுங்க" என்றாள்.

"எங்க?"

"தோள்ல."

"நானா? ஆளுங்க பார்த்தா என்னம்மா நினைப்பாங்க? நம்ம இமேஜ்..."

"ஏறுங்கன்னு சொன்னேன்."

தோளில் இரட்டைத் துண்டை மடித்துப் போட்டாள் கலர் அக்கா. மேனேஜர் நாற்காலி அடுக்கின் மேல் ஏறி, அங்கிருந்து நடுங்கிக்கொண்டே அவள் தோள்களில் உட்கார்ந்தான். தலை ஏசி குழாயில் இடித்தது. குனிந்துகொண்டான். அவள் கால்களை அகட்டி, முழங்காலை லேசாகத் தளர்த்தி, பார்வையை எதிர்ச் சுவரில் ஒரு ஆணியின் மேல் வைத்தாள். வாரக்கணக்கில் உப்பில்லாத உடம்பு. நேற்று மதியத்திலிருந்து தண்ணீர் நாக்கை நனைக்க மட்டும்.

"எத்தனை கிலோ இருக்கீங்க?"

"எழுபது."

"பொய்."

"எழுபத்தஞ்சுன்னு வெச்சுக்கோயேன்."

"என் தோள்கிட்டயேவா? பன்னிரண்டு வாரமா நான் சாப்பிடாததை எல்லாம் இந்த வீட்டுல யாரு சாப்பிட்டது?"

மேலே அவன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"எண்பத்திரண்டு."

"நல்லது. வாழ்க்கையில மொதல் தடவையா உபயோகமா ஒரு நம்பர் சொல்லியிருக்கீங்க."

கலர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரஷைத் துடைத்தாள். சிரிப்பில் அக்காவின் தோள்கள் குலுங்கின.

பத்து நிமிஷம் போனது. பாதம் தரையில் வேர் பிடித்தது போல மரத்தது. மேலே போன் 'டிங்' என்றது. அவன் பாக்கெட்டுக்குக் கையை விட, பாரம் இடப்பக்கம் சாய்ந்தது.

"ஆடாதீங்க. போனைத் தொட்டா கீழ போட்டுருவேன், உங்களை."

"சரி சரி."

இருபது நிமிஷம். இடது முழங்கால் துடிக்கத் தொடங்கியது. பேச்சுக் கொடுத்தால் வலி தெரியாது என்று அவளே ஆரம்பித்தாள்.

"என்ன ஆயிடப் போகுது. கிடைக்கலேன்னா திங்கக்கிழமை கிளினிக்குக்குப் போய்க் குழாயைப் பிடிக்கப் போறேன். எட்டு வருஷம் பிடிச்சதை இன்னொரு வருஷம் பிடிச்சா கை ஒண்ணும் கழண்டு விழுந்துடாது."

மேலேயிருந்து பதில் வரவில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் இருந்த தொடைகள் மட்டும் லேசாக இறுகின.

எட்டு வருஷத் திருமணத்தில் அந்த மௌனத்தின் வகைகள் அவளுக்கு அத்துப்படி. இது மோசமான வகை.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, இப்ப எதுக்கு, அப்புறம் நிதானமா..."

"என்னங்க."

"வெள்ளிக்கிழமை உன் மெயில்லேர்ந்து டாக்டருக்கு ராஜினாமா அனுப்பிட்டேன்."

எதிர்ச் சுவரின் ஆணி இரண்டாகத் தெரிந்தது.

"எதிர்காலத்தை அறிவிச்சாத்தான் எதிர்காலம் வரும்னு ஒரு... ஒருத்தர் சொன்னாரு. அதான் நல்ல மொழியில, கௌரவமா எழுதினேன். மனசைத் தொடுற மாதிரி இருந்துச்சு."

அடிவயிற்றிலிருந்து சூடு கிளம்பி மார்பைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தது. இறக்கிப் போட்டுவிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும். நாலு போதாது, நாற்பது. ஆனால் இறக்கினால் போனது போனதுதான். இப்போது திரும்பிப் போகக் கிளினிக்கும் இல்லை.

"தங்கச்சி" என்றாள் கலர் அக்கா, காகிதக் கைக்குட்டையோடு ஓடி வந்து. "நெத்தியில முத்து கட்டுது. கோவத்தை ஒன்பது மணிக்கு மேல வெச்சுக்கோ. புருஷன் எங்கயும் ஓடிட மாட்டாரு, உன் தலைமேலதான் இருக்காரு."

அவள் கண்ணை மூடினாள். மூச்சை மூக்கால் இழுத்து வாயால் விட்டாள். மேல்வரிசை வலப்பக்கம், ஞானப்பல். அதற்கு முன்னால் கடைவாய்ப்பல் ஒன்று, இரண்டு. முன்கடைவாய் ஒன்று, இரண்டு. கோரைப்பல். வெட்டுப்பல் ஒன்று, இரண்டு. நடுக்கோடு தாண்டி இடப்பக்கம். கிளினிக்கில் பயந்து வாயைத் திறக்காத நோயாளிகளுக்காகக் காத்திருக்கையில் அவள் எண்ணுகிற கணக்கு. கீழ்வரிசை முடிந்து முப்பத்திரண்டு வந்தபோது சூடு கழுத்தைவிட்டு இறங்கியிருந்தது. அக்கா நெற்றியை ஒற்றி எடுத்துவிட்டு, கலர் போகவில்லை என்று கட்டை விரலைக் காட்டினாள்.

"நீ தோப்பேன்னு எனக்கு ஒரு நாளும் தோணினதே இல்லம்மா" என்றது மேலேயிருந்து குரல், ஏசி காற்றில் நடுங்கிக்கொண்டு. "அதான் அனுப்பிட்டேன்."

இந்த மனுஷனிடம் இதுதான் பெரிய தொல்லை. முழுசாகத் திட்டுவதற்கு ஒரு விஷயமாவது சுத்தமாகக் கொடுக்க மாட்டான்.

"பேசாம உக்காருங்க. பேசினா எடை குறையுது" என்றாள்.

எட்டு நாற்பத்தெட்டுக்கு அவன் இறங்கினான். வெள்ளை பேன்ட்டின் தொடையில் துண்டைத் தாண்டி வந்த இரண்டு பழுப்புப் பட்டைகள். அவள் கால்களைத் தூக்காமல், தரையைத் தேய்த்துத் தேய்த்து அளவு அறைக்கு நடந்தாள். நிமிர்ந்தால் வளர்ந்துவிடுவோமோ என்ற பயம்.

அறை வாசலில் விசில் மாஸ்டர் மட்டுமில்லை, ரெட்டைப் பின்னலும் நின்றிருந்தாள். அவளும் பளபளவென்ற பழுப்பில்.

"அக்கா, புகார் நான் குடுக்கச் சொல்லல" என்றாள் ரெட்டைப் பின்னல், தணிந்த குரலில்.

"தெரியும்மா. உனக்கு ஒரு மாஸ்டர், எனக்கு ஒரு மேனேஜர். விதி."

சுவர். குதிகால். முதுகு. பலகை இறங்கியது. இந்த முறை அளவு சார் உடனே சொல்லவில்லை. விரல் நகத்தைக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். விசில் மாஸ்டர் எட்டிப் பார்க்க வந்தார். அளவு சார் தோளாலேயே அவரைத் தள்ளினார்.

"நூத்தி அறுபத்திரண்டு புள்ளி ஒன்பது."

மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.

"முப்பது வருஷத்துல புருஷனை இதுக்கு உபயோகிச்சது நீதாம்மா மொத ஆளு" என்றார் அளவு சார், பேன்ட்டின் பட்டைகளைப் பார்த்தபடி. அன்றுதான் அவர் குதிகாலைத் தாண்டி மேலே பார்த்தார்.

கலர் அக்கா இரண்டு தோளிலும் ஸ்பாஞ்சை ஒற்றி, ஊதி, மறுபடி ஒற்றினாள். மைக்கில் பிரிவைக் கூப்பிட்டார்கள். எட்டுப் பெண்கள், வெறுங்காலோடு, விளக்குக்கு அடியில். வலப்பக்கம் திரும்பு. பின்பக்கம். இடப்பக்கம். நாற்பது நிமிஷம் எண்பத்திரண்டு கிலோவைத் தாங்கிய தோள்கள் ரத்தம் ஏறி, கயிறு முறுக்கியது போலத் திரண்டு நின்றன. எந்த வார்ம்அப்பிலும் அவளுக்கு அப்படி வந்ததில்லை. நடுவர்களில் ஒருவர் பேனாவை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து பார்த்ததை அவள் கவனித்தாள். சிரிப்பை விடாமல் பிடித்தாள். உதடு பல்லில் ஒட்டியது.

மூன்றாவது இடம், யாரோ. இரண்டாவது இடம், ரெட்டைப் பின்னல். அதற்குப் பிறகு அவள் எண்ணைச் சொன்னார்கள். எண்ணைத்தான் சொன்னார்கள் என்று புரியவே மூன்று வினாடி ஆனது. மேடைக்குக் கீழே மேனேஜர் தலைக்கு மேல் கையைத் தட்டிக்கொண்டிருந்தான். கையில் போன் இல்லை. படமெடுக்கவே மறந்துவிட்டான்.

கோப்பையோடு ஸ்டாலுக்கு வந்தபோது கம்பெனிக்காரர் ஃபைலும் பேனாவுமாகக் காத்திருந்தார். ஹாலிலிருந்து வெளியே வந்த கூட்டமும் கூடவே நின்றது.

"ஒரே ஒரு போட்டோ மேடம். கட்அவுட் பக்கத்துல நில்லுங்க. அப்புறம் கையெழுத்து."

அவள் நின்றாள். ப்ளைவுட் அவளின் உச்சந்தலை, நிஜ அவளின் உச்சந்தலைக்கு நாலு விரல் மேலே இருந்தது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, தொற்றிப் பரவியது. விசில் மாஸ்டரின் சிரிப்பு அதில் தனியாகக் கேட்டது.

கம்பெனிக்காரர் இருமினார். ஸ்டாலுக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் காலால் இழுத்துவிட்டார். "இது மேல கொஞ்சம் ஏறிக்குங்களேன் மேடம். கால் வராம எடுத்துக்கறோம்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். விடியற்காலை முதல் பட்டதெல்லாம் அந்தப் பெட்டியின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

"சார், ஒரு மணி நேரம் முன்னாடி ஏழு மில்லிமீட்டர் குறையறதுக்காக ஒரு முழு ஆம்பளையைத் தோள்ல தூக்கிக்கிட்டு நின்னேன். இப்ப பெட்டி மேல ஏறச் சொல்றீங்க. நான் ஏறுறதா, இறங்குறதா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

"விளம்பரம்னா அப்படித்தான் மேடம், கொஞ்சம் முன்னப்பின்ன..."

"முகாமுக்கு வர்ற பொண்ணுங்க முன்னாடி நேர்ல நிக்கப் போறது நான். அங்கயும் பெட்டியைத் தூக்கிட்டு வருவீங்களா? ஒண்ணு இந்தப் பலகையை என் உயரத்துக்குக் கொண்டு வாங்க. இல்ல, ஃபைலை மூடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கிளினிக்கும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

கம்பெனிக்காரர் ஃபைலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். போன்கள் உயர்ந்திருந்தன.

அந்த நேரத்தில் மேடைத் தச்சரின் ரம்பத்தோடு மேனேஜர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கட்அவுட்டைத் தரையில் சாய்த்தான். பேனாவால் முழங்காலுக்குக் கீழே இரண்டு கோடு போட்டான், நடுவில் சரியாக ஏழு சென்டிமீட்டர்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் கம்பெனிக்காரர்.

"எங்க இழுத்தேன்னு எனக்குத்தானே சார் தெரியும்" என்றான் அவன், அறுத்துக்கொண்டே.

அறுத்த நடுத்துண்டை எடுத்து வீசிவிட்டு, பாதங்களை மேலே தள்ளிப் பொருத்தினான். பின்னால் ஒரு சட்டத்தை வைத்து ஆணி அடித்தான். நிமிர்த்தினான். இரண்டு உச்சந்தலையும் ஒரே கோட்டில் நின்றன. கெண்டைக்காலில் ஒரு வெட்டுத் தெரிந்தது, அவ்வளவுதான். யாரோ கை தட்டினார்கள். ஸ்டாலைச் சுற்றி அன்று முழுக்க அவ்வளவு கூட்டம் இருந்ததில்லை என்பதைக் கம்பெனிக்காரர் கவனித்திருக்க வேண்டும். பேனாவின் மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

கையெழுத்துப் போட்ட இடத்தில் காகிதத்தில் ஒரு பழுப்புக் கைரேகையும் விழுந்தது.

வேனில் இந்த முறை அவள் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டில் ஒன்றை முழுசாகக் குடித்துவிட்டு, கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க. பேஜோட பாஸ்வேர்டும்."

"அது எதுக்கும்மா உனக்கு? டென்ஷன் ஆவ."

"குடுங்க."

கொடுத்தான். திறந்ததும் அவள் மெயிலில் பல் டாக்டரின் பதில் காத்திருந்தது. 'நீ அனுப்பிய விளம்பரம் கிடைத்தது. பயணம், கனவு என்று ஏதேதோ இருந்தது, என்ன விற்கிறாய் என்று புரியவில்லை. நன்றாக வரட்டும். திங்கள் காலை ஒன்பதுக்கு இரண்டு ரூட் கெனால். நேரத்துக்கு வரவும்.'

அவள் அதை உரக்கப் படித்தாள். மேனேஜர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "மனசைத் தொடுற மாதிரிதான் எழுதினேன்" என்றான்.

'அது விளம்பரம் இல்லை டாக்டர், ராஜினாமா. எழுதியது நானில்லை, விஷயம் நிஜம். வேறு ஆள் கிடைக்கும் வரை வருகிறேன். திங்கள் ஒன்பதுக்கு இருப்பேன்' என்று தட்டி அனுப்பினாள். பிறகு பேஜைத் திறந்தாள். ஐந்து அடி ஏழு அங்குலத்தை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். திரையில் பழுப்பு ஒட்டியது. நைட்டியில் துடைத்துவிட்டு, புதிதாக எழுதினாள்.

'உயரம் 162.9. காலையில் கொஞ்சம் கூடும்.'